மூன்றாவது வரிசையில் ஒரு முழங்கால்

1

இந்தக் கதை எனக்கு ஞானத்தால் வரவில்லை, முழங்கால் வலியால் வந்தது. மூன்று மாதம் ஆடிய பிறகு வலது கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பிசியோதெரபிஸ்ட் என்னை அறைக்குள் நடக்கவிட்டுப் பார்த்தார்.

"இப்படிக் காலை இழுத்து இழுத்து வைக்க யாரு சொல்லிக்கொடுத்தாங்க?"

"அது டான்ஸ் ஸ்டெப் சார்."

"இந்த மாசம் இதே ஸ்டெப்போட வர்ற ஆறாவது ஆள் நீங்க."

சொல்லும்போது அவர் முகத்தில் கவலை ஒன்றும் தெரியவில்லை. தொழில் நன்றாகப் போகிறது போலும்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். மறைப்பானேன், இதோ:

அ) "மாலை வெயில் மெத்தைகளின் மேல் சாய்ந்து" (வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

ஆ) "நடனம் என்பது மனிதர்களை இணைக்கும் பா" (பாலம் என்று முடிப்பதற்குள் கை கூசிவிட்டது.)

இ) "அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள்." இதுதான் ரொம்பப் பிடித்திருந்தது. ஒருத்தியைப் பார்த்து எல்லோரும் நகலெடுக்கும் கதைக்கு ஜெராக்ஸ் கடை! என் புத்திசாலித்தனத்தை மெச்சி ஒரு காபி போட்டுக் குடித்தேன். குடித்து முடித்ததும் வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன். அவள் உண்மையில் மெத்தைக் கடை வைத்திருக்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

3

எல்லோருக்கும் அவள் மெத்தைக்கடை அக்கா. கடைக்குப் பின்னால் கிடங்கு. ஒருநாள் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால், மெத்தைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, போனில் பாட்டைப் போட்டுத் தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். பாலிசி விற்க வந்த இன்சூரன்ஸ்காரர் பார்த்துவிட்டார். பாலிசியை மறந்து ஆடினார். (அவர் பாலிசியை மறந்தார் என்பதை நம்பத்தான் எனக்கே கஷ்டமாக இருக்கிறது.) அடுத்த வாரம் அவர் மனைவி வந்தாள், அவரை வேவு பார்க்க. அவளும் ஆடினாள். ஒரு வருடத்தில் முப்பத்திரண்டு பேர்.

பார்க்கிங் இடத்துக்காகக் கோர்ட் வரை போன இரண்டு குடும்பங்கள் ஒரே வரிசையில் நின்று ஆடின. காலை ஐந்தரைக்கே வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூப் படங்கள் குவிந்தன. "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று வாரத்துக்கு ஒருவராவது கண்கலங்கினார்கள். ஒரே குடும்பம்தான், சந்தேகமில்லை. மூன்று பேர் மூன்று பேரோடு பேசுவதில்லை.

கிண்டல் செய்துவிட்டேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். இன்சூரன்ஸ்காரரின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது ரத்தம் கொடுக்கப் பதினோரு பேர் போய் நின்றார்கள். நானும் போனேன். எனக்கு ஊசி என்றால் மயக்கம் வரும்.

4

இப்போது கதைக்குரியவள் வருகிறாள். இவளைத்தான் நான் தாமதமாகக் கொண்டுவருகிறேன். நாங்கள் முப்பத்திரண்டு பேரும் அப்படித்தான், அவளை நினைக்கவே இல்லை.

அக்காவின் சிநேகிதி, ஆறாம் வகுப்பிலிருந்து. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ஒல்லியானவள், பேச்சு நறுக்கென்று குத்தும். அதனால் குண்டூசி. பதினெட்டு வருடம் மாலை ஆறு மணி என்பது இவர்கள் இருவருடையது: முனைக் கடையில் ஆளுக்கொரு டீ, இரண்டு சுற்று நடை, மாமியார்களைப் பற்றிய அன்றைய அறிக்கை. அந்த ஆறு மணியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். குண்டூசி ஒரு வருடமாகத் தனியாக டீ குடித்தாள்.

"நீயும் வாயேன்டி" என்று அக்கா கூப்பிடாமல் இல்லை.

"எனக்கு வீட்ல ஆட்டி வைக்க ஆள் இருக்காங்க. போதும்" என்பாள்.

(இவளைப் பொறாமைக்காரியாக எழுதுவது சுலபம். முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன். என் மனைவி படித்துவிட்டு, "உங்க சிநேகிதரை யாராவது தூக்கிட்டுப் போனா நீங்க கைதட்டுவீங்களா?" என்றாள்.)

5

எங்கள் ஆண்டு விழா, வாடகை மண்டபத்தில். குண்டூசி கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளம்பிப் போகத் தோதாக.

பாட்டு தொடங்கியது. முன்னால் அக்கா, மூன்றாவது வரிசையில் நான். முப்பத்திரண்டு பேரும் வலது காலைத் தரையோடு இழுத்து, அரைச் சுற்று திரும்பினோம். மறுபடி இழுத்தோம். மண்டபம் கைதட்டியது. "என்ன ஸ்டைலு!" என்று யாரோ கத்தினார்கள்.

குண்டூசி அழுதா (இல்லை.) குண்டூசி சிரி (அதுவும் இல்லை.) குண்டூசி எழுந்து மேடைக்குப் பின்னால் அக்காவிடம் வந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் நான் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"அது ஸ்டெப் இல்லடி. உன் காலு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தனை பேருக்கும் சொல்லாம இருக்க?"

"சொன்னா, எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. படியில விழுந்தேன்னு வீட்ல சொன்ன பொய்யை முப்பது பேர்கிட்டயும் சொல்லணுமா?"



"நான்தானே ஓட்டினேன்" என்றாள் குண்டூசி.

மழைநாள். வீட்டுக்குத் தெரியாமல் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஸ்கூட்டர். குண்டூசிக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு முழங்கால் போயிற்று. ஒன்பது வருடமாக இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருந்ததால்தான் நட்பு நிலைத்தது என்று குண்டூசி நினைத்திருந்தாள். இப்போது அவள் செய்த தப்பை முப்பத்திரண்டு பேர் தாளத்தோடு ஆடுகிறோம்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வா" என்றாள் அக்கா. "வந்து சொல்றதுன்னா நீயே சொல்லு. சொல்லலைன்னா சும்மா ஆடு. ஆனா வா."

6

முடிவு ஒன்று: வந்தாள், உண்மையைச் சொன்னாள். முப்பத்திரண்டு முழங்கால்கள் தப்பின. ஆனால் அன்று முதல் அவள் 'அக்கா காலை உடைச்சவங்க'. குழுவில் அவளுக்கும் தினம் ஒரு ரோஜாப்பூ வரும். மன்னித்துவிட்டோம் என்று.

முடிவு இரண்டு: வந்தாள், வாயைத் திறக்கவில்லை. நல்ல காலை இழுத்து இழுத்து எங்களோடு ஆடினாள்.

முடிவு மூன்று: முனைக் கடை, ஒரு டீ. (இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.)

என்னை நம்பாதீர்கள். எனக்கு இந்த விஷயம் முழுதாகத் தெரியும். நானே எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் கதை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் சொன்னால் என் முழங்கால் பிழைக்கும், சொல்லாவிட்டால் என் கதை பிழைக்கும். இரண்டு பக்கமும் ஆதாயம் உள்ளவன் தீர்ப்பு எழுதக் கூடாது. நீங்கள் எழுதுங்கள்.

மணி ஆறு. மெத்தைகள் சுவரோரம் சாய்ந்துவிட்டன. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குண்டூசி நிற்கிறாள். அக்கா பாட்டைப் போடாமல், போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். முப்பத்திரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறோம். குண்டூசி தன் வலது காலை