கம்பளிக்குள் வைத்துத் தைத்தது

வெண்டலும் ஆர்லோவும் முதன்முதலாக அந்த முகாமுக்குப் போனபோது இருவருக்கும் தலை நிறைய முடி இருந்தது. வருடா வருடம் ஜனவரியில், பென்சில்வேனியா மலைச்சரிவில் பனி முழங்காலைத் தொடும் நாட்களில், நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துச் சிப்பாய்களாக வேடம் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நீலக் கம்பளிக் கோட்டு, தோல் பூட்ஸ், துணிக்கூடாரம், பல்லைப் பெயர்க்கும் பிஸ்கட், உப்புப் போட்ட பன்றிக்கறி. ஆர்லோ கடைசிவரை வெறும் சிப்பாயாகவே இருந்துவிட்டார். வெண்டல் சார்ஜென்ட் ஆனார். படையில் இருந்த அத்தனை பேருக்கும் சிம்ம சொப்பனம் ஆனார்.

அந்தக் காலத்தில் இல்லாத பொருள் எதுவும் முகாமுக்குள் வந்துவிடக் கூடாது. வெண்டல் மோப்பம் பிடித்துவிடுவார். ஒருமுறை பல் டாக்டர் ஒருவர் கோட்டுக்கு அடியில் ஜிப் வைத்த சட்டை போட்டிருந்ததைக் கண்டுபிடித்து, "போர் முடிஞ்சுபோச்சு டாக்டர், வீட்டுக்குக் கிளம்புங்க" என்று அப்போதே காரில் ஏற்றிவிட்டார்.

இந்த வருடம் வெண்டலுக்குக் கணையத்தில் புற்றுநோய். இனி மருந்து வேண்டாம், பிடித்ததைச் செய்யட்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பிடித்தது பனியில், வெறும் தரையில் படுப்பது.

"நான் சொன்னா எங்க கேக்கறாரு?" என்றாள் அவர் மனைவி ஃபிலிஸ், ஆர்லோவைச் சமையலறைக்குள் இழுத்துப்போய். "எலும்பும் தோலுமா இருக்காரு. எப்படித் தாங்குவாரு?"

மலையேறுகிறவர்கள் உள்ளே புகுந்து தூங்கும், இறகு அடைத்த நைலான் பை ஒன்றை இருவருமாக வெட்டி, வெண்டலின் சாம்பல்நிறக் கம்பளிப் போர்வைக்குள் வைத்துத் தைத்தார்கள்.

"கண்டுபிடிச்சுட்டா?"

"பழிய உங்க தலையிலதான் போடுவேன்," என்று சிரித்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முகாமில் அன்று மாலையே குளிர் ஊசியாகக் குத்தியது. வைக்கோல் பரப்பிய கூடாரத்துக்குள் இருவரும் படுத்தார்கள். வெண்டல் புரண்டதும் சரசரவென்று ஒரு சத்தம். எழுந்து உட்கார்ந்தார். கம்பளியை விரல்களால் அமுக்கிப் பார்த்தார்.

"என்னடா, கம்பளி பேசுது?"

ஆர்லோ தன் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

"யாரு, ஃபிலிஸா நீயா?"

"ரெண்டு பேரும்."

"அதான். ஒரு பக்கத் தையல் நாய் குதறின மாதிரி இருக்கு." சட்டென்று அவர் குரல் மாறியது. "இதுக்காக எத்தன பேரத் துரத்திவிட்டிருக்கேன்! அந்தப் பல் டாக்டர் இன்னிவரைக்கும் என்கூடப் பேசறதில்ல. நான் மட்டும் இதுக்குள்ள சுருண்டுக்கணுமாக்கும்?"

கம்பளியைச் சுருட்டி வெளியே பனியில் எறிந்தார்.

சிப்பாய்கள் அந்தக் காலத்தில் ஒருவர் முதுகோடு அடுத்தவர் நெஞ்சு ஒட்டப் படுப்பார்களாம். ஒருவன் "திரும்பு" என்றால் எல்லோரும் சேர்ந்து திரும்ப வேண்டும். ஆர்லோவின் ஒற்றைக் கம்பளிக்குள் அப்படித்தான் படுத்தார்கள். முன்பெல்லாம் வெண்டலின் முதுகில் சாய்ந்தால் சுவரில் சாய்ந்த மாதிரி இருக்கும். இப்போது தோள்பட்டை எலும்பு ஆர்லோவின் நெஞ்சில் குத்தியது. உள்ளே எங்கேயோ கிளம்பி வந்த நடுக்கம் உடம்பு முழுவதையும் உலுக்கியது.

"திரும்பு," என்றார் வெண்டல். திரும்பினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "திரும்பு."

பிறகு வெகுநேரம் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆர்லோ."

"ம்."

"அத எடுத்துட்டு வர்றியா?"

இத்தனை வருடத்தில் வெண்டல் அதட்டியிருக்கிறார், கிண்டல் செய்திருக்கிறார், திட்டியிருக்கிறார். எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. இந்தச் சொல்லுக்காகத்தான் ஆர்லோ காத்துக்கிடந்தார். காதில் விழுந்ததும் எழுந்திருக்க முடியவில்லை. இதற்கு இரண்டு திட்டு திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. வெளியே போய், பனியை உதறி எடுத்துவந்து போர்த்திவிட்டார்.

"விடியறதுக்குள்ள மறைச்சுடு. பசங்க பாத்துடப் போறாங்க."

"சரி. தூங்கு."

காலையில் பெயர் கூப்பிட எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வெண்டல் கோட்டுப் பொத்தான்களை ஒழுங்காகப் போட்டு, நிமிர்ந்து வந்தார். புதிதாகச் சேர்ந்தவன் கோல்பி, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பனிச்சறுக்குக்குப் போடும் பளபளத்த கையுறையைக் கழற்ற மறந்து நின்றிருந்தான். பக்கத்தில் நின்றவர் எச்சரிக்கையாக இருமினார். வரிசையே சிரிப்பை அடக்கிக்கொண்டு, இடி விழக் காத்திருந்தது.

வெண்டல் அவன் முன்னால் நின்றார். கோல்பி கைகளைப் பின்னால் ஒளித்தான்.

"சார்ஜென்ட், அது வந்து..."

"கழட்டாத," என்றார் வெண்டல். "விரலெல்லாம் விறைச்சுடும். போட்டுக்க."

அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நோயைப் பற்றி வெண்டல் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. மெலிந்ததைப் பார்த்தும், வயசாகிவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். இப்போது அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. கோல்பி கையுறையைக் கழற்றிப் பூட்ஸ் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டான். வெறுங்கையால் துப்பாக்கியைப் பிடித்து நின்ற அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது.

பனி உருகுவதற்கு முன்பே வெண்டல் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் சாப்பாடு. ஃபிலிஸ் தட்டோடு வந்து ஆர்லோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேக்கணும்னே இருந்தேன். அதுல படுத்தாரா?"

"படுத்தாரு. விடியறவரைக்கும் நல்லாத் தூங்கினாரு."

"ஒண்ணும் சொல்லலியா?"

"உன் தையல் நல்லா இருக்குன்னாரு."

ஃபிலிஸ் தலையாட்டினாள். அந்த நாளில் முதன்முறையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது. தன் தட்டிலிருந்த பன்றிக்கறித் துண்டை எடுத்து ஆர்லோவின் தட்டில் வைத்தாள். அவர் குனிந்தபடியே அதை மென்றார்.