ஜன்னல்: எல்ஃப்ரீடே ப்ரூக்கமன்

சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் நல்ல வேலையை உதறிவிட்டு, டூசல்டார்ஃபில் எங்கள் வாடகை வீட்டின் நிலவறையில் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார் என் கணவர் டேட்லெஃப். இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து லோமையர் அன்று நேரில் கேட்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் என் அப்பாவின் டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்வதாக டேட்லெஃப் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா கடைச் சீருடையே தைத்து அனுப்பிவிட்டார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த இயந்திரம் சரியான முசுடு. அறையின் சூடு கொஞ்சம் மாறினாலும் சுருதி நழுவிவிடும். காலையிலிருந்தே கணப்பைப் போட்டு, சுருதி சேர்த்து, கதவைச் சாத்திவிட்டு டேட்லெஃப் சட்டை மாற்ற மேலே வந்தார்.

நாங்கள் இருவரும் திரும்ப இறங்கிப் போனால், வீட்டுக்காரி ப்ரூக்கமன் அம்மாள் ஜன்னல்களை விரியத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறாள். வெளியே பனி கொட்டுகிறது.

"ஐயோ, என்னம்மா பண்ணிட்டீங்க!" என்று கத்தினேன்.

"என்ன பண்ணிட்டேன்? ஒரே புழுக்கம். விருந்தாளி வர்ற வீட்ல காத்து விட வேண்டாமா? செவுரு பூஞ்சை பிடிச்சா நீயா சுண்ணாம்பு அடிப்பே?"

அவளைச் சொல்லி என்ன? எந்தக் குளிரிலும் தினம் ஜன்னலைத் திறந்து காற்று விடாதவளை எங்கள் ஊரில் குடும்பப் பெண்ணாகவே மதிக்க மாட்டார்கள்.

அதற்குள் லோமையர் வந்துவிட்டார். டேட்லெஃப் வெளிறிய முகத்தோடு வாசிக்க உட்கார்ந்தார். நேராக நிற்க வேண்டிய சுரம், தூக்கம் வந்த பிள்ளையின் தலைபோல மெல்லச் சரிந்தது. நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டும் என்று உயிரை விடும் மனுஷர், முதல்முறையாகக் கண்ணை மூடி, அது போன வழியே தானும் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"யோவ், இந்தச் சறுக்கலை எப்படிய்யா பண்ணினே?" என்றார் லோமையர்.

டேட்லெஃபுக்குப் பொய் வராது. "நான் பண்ணல. இவங்க ஜன்னலத் திறந்தாங்க."

லோமையர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ ரெக்கார்டிங்குக்கு இவங்களும் வரணும்."

"வர்றேன். மத்தியானத் தூக்க நேரத்துல மட்டும் கூப்பிடாதீங்க" என்றாள் ப்ரூக்கமன் அம்மாள்.

அதன் பிறகு எத்தனையோ தட்டுகள், எத்தனையோ ஊர்கள். அப்பாவின் சீருடை இயந்திரத்துக்குத் தூசி படாமல் மூடும் துணியானது. அந்த முதல் தட்டின் உறையில், டேட்லெஃபின் பெயருக்குக் கீழே அச்சிட்டிருந்தது: 'ஜன்னல்: எல்ஃப்ரீடே ப்ரூக்கமன்'. அம்மாள் அதற்குச் சட்டம் போட்டு, வாசலுக்கு நேரே மாட்டிவைத்தாள்.

"ஒரு தடவையாவது போட்டுக் கேட்டீங்களாம்மா?" என்றேன்.

"எதுக்கு? நான் என்ன வாசிச்சேன்னு எனக்குத் தெரியாதா?"