பின்படிக்கட்டு

…இன்றைக்கு மட்டும் கூப்பிடாமல் இருந்தால் போதும், நாளைக்கு வேண்டுமானால் திட்டை இரண்டு பங்காக வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தபடியே டில்லிபாபு அரக்குப் பட்டுப் புடவையை உதறி விரித்தார், எதிரில் சம்பந்தியம்மா புஷ்பம் முந்தானையை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பக்கத்தில் அவர் மகள் பிரியா, கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள், மாப்பிள்ளை அஜித்குமார் வண்டி நிறுத்த இடம் தேடிப் பாண்டி பஜாரைச் சுற்றிக்கொண்டிருக்கிறான், பத்தடி தள்ளிக் கல்லாவில் முதலாளி சிதம்பரநாதன் அண்ணாச்சி. அந்த வாயிலிருந்து "டில்லி" என்ற ஒரு சொல் வராமல் இருக்கவேண்டும். சம்பந்தி கடை இருக்கும்போது முகூர்த்தப் புடவைக்கு வேறு எங்கே போவது என்று இவர்கள்தான் கொட்டிவாக்கத்திலிருந்து கிளம்பி வந்துவிட்டார்கள், வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? பெண் பார்க்க வந்த அன்று பெருமையாக வேறு அளந்துவிட்டிருக்கிறார், என்னைக் கேட்காமல் அண்ணாச்சி ஒன்றும் செய்யமாட்டார் என்று. அது முழுப் பொய்யும் இல்லை, இந்தக் கடையில் யார் தப்புச் செய்தாலும் டில்லியைக் கூப்பிடாமல் அண்ணாச்சிக்கு வேலை ஓடாது.

பதினோரு வருஷமாக இதுதான் ஏற்பாடு. புடவை சாயம் போச்சு என்று ஒரு அம்மாள் வந்து நின்றாள், விற்றது கூட வேலை செய்யும் எஸ்தர், அவளுக்கு அப்போது ஏழாம் மாசம், திட்டு விழும் முன்பே கண்ணில் தண்ணீர், பார்க்கச் சகிக்காமல் நான்தான் கொடுத்தேன் என்று டில்லிபாபு முன்னால் வந்து நின்றுவிட்டார். அண்ணாச்சி போட்ட சத்தத்தில் மின்விசிறிக் காற்றே நின்ற மாதிரி இருந்தது. ஆனால் என்ன அதிசயம், எரிந்துகொண்டிருந்த அந்த அம்மாளின் முகம் அப்படியே குளிர்ந்து, பாவம் விடுங்க என்று சொல்லி, மேலும் இரண்டு புடவை வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் அண்ணாச்சி, "நல்லா வாங்கிக்கிட்டடே" என்றார். அவ்வளவுதான், அன்றிலிருந்து யார் எதைக் கோட்டைவிட்டாலும் டில்லி. அதற்கென்று ஒரு பக்குவம் வந்துவிட்டது, தாடையைச் சட்டையின் மூன்றாவது பட்டன் வரை இறக்க வேண்டும், கை பின்னால், வாயைத் திறக்கவே கூடாது, மூச்சு வாங்க அண்ணாச்சி நிறுத்தும் இடத்தில் ஒரே ஒரு "தப்புதாங்க." பெரிய தகராறு என்றால் கடைசியில், "இன்னையோட உனக்கு இங்க வேல கெடையாது, கெளம்பு" என்பார். டில்லிபாபு பின்படிக்கட்டு வழியாக இறங்கிச் சந்துக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, அந்தக் கஸ்டமர் போனதும் அதே வழியில் ஏறி வந்து புடவை மடிக்கத் தொடங்குவார். இப்படி நூறு தடவையாவது வேலை போயிருக்கும். அடையாறு அம்மாள் ஒருத்தி மறுவாரமே திரும்பி வந்து, இவரை அனுப்பிட்டதாச் சொன்னீங்களே என்று கேட்டுவிட்டாள், காலில் விழுந்தான், பிள்ளைகுட்டிக்காரன் என்று அண்ணாச்சி கண்ணிமைக்காமல் சொன்னார், டில்லிபாபு பருத்திக் கட்டுக்குப் பின்னால் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தாரா? சிரித்த ஞாபகம்தான்.

பிரியாவுக்கும் தெரியும். பத்தாவது படிக்கும்போது, அவர் வீட்டில் மறந்துவிட்ட கண்ணாடியை எடுத்துக்கொண்டு திருவல்லிக்கேணியிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், சரியாக அவர் திட்டு வாங்கும் நேரத்தில் வாசலில் நின்றிருக்கிறாள். சந்துக்கடையில் ஆளுக்கொரு பன் வாங்கிக் கொடுத்து, அதெல்லாம் கஸ்டமருக்காகப் போடற டிராமாம்மா என்றார், அவளும் சரிப்பா என்றாள், அதற்குப் பிறகு கடைக்குள் வந்ததே இல்லை. இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். அவளுக்காகத்தான் காலையில், அண்ணாச்சி சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடித்ததும், தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றார்… "அண்ணாச்சி, இன்னிக்கு சம்மந்தி வூட்ல வராங்க, இன்னிக்கு ஒரு நாளு மட்டும் என்னைக் கூப்டாம இருந்தீங்கன்னா…" அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, "ஒழுங்கா வேலையப் பாத்தா நான் எதுக்குடே உன்னைக் கூப்பிடப்போறேன்" என்றார். என்ன அழகாக, ஒன்றுமே தெரியாதவர் மாதிரி சொல்கிறார், மனுஷன் கைதேர்ந்த நடிகர்தான் என்று அப்போது மனம் நிறைந்துபோனது.

படியேறி ஒரு பெண்மணி வந்தாள், கையில் கடைப் பை, நடையைப் பார்த்தே டில்லிபாபுவுக்குத் தெரிந்துவிட்டது, எடுத்தது ஒன்று கட்டிக் கொடுத்தது ஒன்று. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து இந்த வெயிலில் வருகிறேன், இதுதானா நான் எடுத்தது என்று கல்லா மேல் புடவையைப் போட்டாள். அண்ணாச்சி வாயைத் திறந்தார், "டி…" அரைச் சொல்லில் நின்றது, கண் ஒரு சுற்றுச் சுற்றியது, டில்லிபாபு கையிலிருந்த அரக்குப் பட்டை இறுகப் பிடித்துக்கொண்டார், "அய்யாதுரை!" அப்பாடா. அய்யாதுரை சங்கரன்கோயில் பக்கத்து ஆள், வந்து இரண்டு மாசம், வாயில்லாப் பூச்சி, பொட்டலம் கட்டும் பக்கமே போகாதவன், கூப்பிடு தூரத்தில் நின்றதுதான் அவன் தப்பு. "அண்ணாச்சி, அது நான் கட்டல" என்று தொடங்கினான். ஐயோ, வாயைத் திறக்காதே, திறந்தால் நீளும், கையைப் பின்னால் கட்டு… "கண்ணு என்ன பொடதியிலயா கெடக்கு? உன்னைய வச்சு மேய்க்கதுக்கு நாலு எருமைய மேய்க்கலாம்லே." அதே வார்த்தை, அதே இடத்தில் மூச்சு, அதே வாயோரத்து எச்சில். அய்யாதுரைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, ஒருமுறை அந்தப் பெண்மணியைப் பார்த்தான், ஒருமுறை டில்லிபாபுவைப் பார்த்தான், காது மடல் சிவந்து உதடு துடித்தது. இதை டில்லிபாபு ஒருநாளும் வெளியிலிருந்து பார்த்ததில்லை. நாம் நிற்கும்போதும் இப்படித்தான் இருக்குமா?

"இன்னா சம்மந்தி, இந்தாளு இப்டிப் பேசறாரு" என்றாள் புஷ்பம். "அது சும்மாங்க, கஸ்டமருக்காக, மனசுல ஒண்ணும் கெடையாது" என்றார் டில்லிபாபு, பிரியா புடவையை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். புஷ்பம் முந்தானையை மெதுவாகக் கீழே வைத்தாள். "முப்பது வருசமா மீன் கூடைய வச்சிக்கினு குந்திகினுகீறேன். யாவாரத்துக்கு கத்தறது எது, மெய்யாலுமே கத்தறது எதுன்னு எனக்குத் தெரியாதா? சும்மான்னு உங்க மொதலாளிகிட்ட யார்னா சொன்னாங்களா?" அண்ணாச்சியே சொன்னதுதானே… என்னிடம் சொல்லியிருக்கிறாரே… எப்போது சொன்னார்? எஸ்தர் விஷயத்தில் நல்லா வாங்கிக்கிட்டடே என்றார், அது மட்டும்தான். முதல் தடவை வேலையை விட்டுப் போகச் சொன்ன அன்று? டீ குடித்தோம், வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் சந்தில் அரைமணி நேரம் நின்றோம், போக இடமில்லாமல் ஏறி வந்து மடிக்க உட்கார்ந்தோம், அந்த ஆரஞ்சுக் கட்டை எடு என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லையே. டிராமா என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததா, பன் வாங்கிக் கொடுக்கும்போது நம் வாயிலிருந்து வந்ததா? காலையில்கூட என்ன சொன்னார், ஒழுங்காக வேலையைப் பார்த்தால் என்றுதானே?

"கெளம்பு, இன்னையோட உனக்கு இங்க வேல கெடையாது." அய்யாதுரை நகர்ந்தான், மூலையில் இருந்த வயர்கூடையை எடுத்தான், அதில் இன்னும் திறக்காத சாப்பாட்டு டப்பா, எல்லோரும் பார்க்க முன்படிக்கட்டை நோக்கி நடந்தான். அந்தப் பக்கம் இல்லப்பா, அப்படிப் போனால் போனதுதான். "ஒரு நிமிசம்மா" என்று புடவையைப் பிரியா கையில் கொடுத்துவிட்டு டில்லிபாபு படி முகப்புக்கு வந்து, "அய்யாதுரை" என்றார். அவன் பாதிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தான். சும்மாதான்பா, பின்னால் போய் ஒரு டீ குடித்துவிட்டு வா என்று சொன்னால் போதும், அவன் காத்திருந்தான். பின்னாலிருந்து அண்ணாச்சி குரல் வந்தது, "டில்லி." சாதாரணமாகத்தான் கூப்பிட்டார், ஏதோ சாவி கேட்பதற்காகக்கூட இருக்கலாம். திரும்பியபோது புஷ்பமும் பிரியாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு கையும் எப்போது பின்னால் போனது என்று தெரியவில்லை, கண்ணுக்கு நேரே சட்டையின் மூன்றாவது பட்டன் தெரிந்தது.