இன்னும் ஒரு சுற்று

பந்தயக் கார்கள் பழுதுபார்க்க ஒதுங்கும் பிட் பாதையின் முனையில் எஞ்சினை ஓடவிட்டபடியே மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பாதுகாப்பு கார் ஓட்டுகிறவனுக்குக் காத்திருப்பதுதான் முக்கால்வாசி வேலை. மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து நெலிதா “போ” என்றால் போய், பந்தயக் கார்கள் அத்தனைக்கும் முன்னால் ஊர்ந்து அவற்றின் வேகத்தை அடக்கவேண்டும். தடத்தில் ஆள் இறங்கினால் என்னை அனுப்பவேண்டும் என்பது முறை. மற்றபடி எச்சரிக்கைக்கு மஞ்சள் கொடி காட்டிவிட்டுப் பந்தயத்தை ஓடவிடலாம். முடிவு அவளுடையது.

ஏழாவது வளைவில் கொடி பிடித்தவன் அவள் கணவன் ஓஸ்மார். மார்ச் மாதப் பந்தயத்தில் நின்றுபோன காரைத் தள்ள அவன் இறங்கினான். அவள் என்னை அனுப்பினாள். அதனால் கார்களுக்கிடையே இருந்த இடைவெளி போய், முன்னிலையில் இருந்த உள்ளூர்க்காரன் தோற்றுப்போனான். சாயங்காலம் இறைச்சி சுடும் இடத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“என்ன நெலிதா, புருஷன் மேல தூசு படக்கூடாதுன்னுதானே என்னை வெரட்டிவிட்டே?”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அடுத்த தடவை குடையும் குடுத்தனுப்புவா பாரு” என்று ஓஸ்மாரும் சிரித்தான். நெலிதா காதுவரை சிவந்து, தட்டுக் கழுவப் போய்விட்டாள்.

மே மாதம், அதே வளைவு. ஒரு கார் எண்ணெய் சிந்தி நின்றது. “நாங்க ரெண்டு பேர் இறங்குறோம், தள்ளிடலாம்” என்று ஓஸ்மார் ரேடியோவில் சொன்னான். நான் கியரைப் போட்டுவிட்டேன்.

“நெலிதா, போகட்டுமா?”

“இரு துல்யோ. இன்னும் ஒரு சுத்து பார்ப்போம். அப்புறம் நீயே கேலி பண்ணுவே.”

அந்தச் சுற்று முடிவதற்குள் ஒரு கார் எண்ணெயில் வழுக்கி ஓஸ்மாரை அடித்தது. அங்கேயே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் “போ” என்றாள். விசாரணையில், கணிப்புத் தவறிவிட்டது என்று மட்டும் சொன்னாள். என் பேரை எடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என் நாக்கு அழுகிப்போக.

இன்று அவள் திரும்பி வந்த முதல் பந்தயம். நாலாவது சுற்றில் ஏழாவது வளைவுக்கு வெளியே, புல்லில், ஒரு பம்பர் துண்டு விழுந்தது. யாரும் இறங்கவில்லை. “போ” என்றாள். போனேன். கூட்டம் எரிச்சலில் விசிலடித்தது. பின்னால் இருபது கார்கள் உறுமிக்கொண்டு வந்தன. ஒரு சுற்று முடிந்தது.

“நெலிதா, தடம் சுத்தமா இருக்கு.”

எல்லோர் காதிலும் விழும் அலைவரிசை அது. விழுந்தால் விழட்டும் என்று நினைத்துச் சொன்னேன்: “அன்னிக்கு இறைச்சி சுடுற இடத்துல நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது நெலிதா.”

ரேடியோ இரைந்தது. பிறகு அவள் குரல் வந்தது.

“இன்னும் ஒரு சுத்து, துல்யோ. மெதுவாப் போ.”

ஏழாவது வளைவில் புதுக் கொடிக்காரன் தடுப்புக்குப் பின்னால் கைகட்டி நின்றான். கூரைமேல் விளக்கு சுழல, அவனைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தேன்.