பென்ஸ் வரும்

செங்கல்பட்டு ரயிலடியில் இறங்கி கியாசுதீன் சாயபு வீடு எங்கே என்று கேட்டால் ஜட்காக்காரர்கள் தலையைச் சொறிவார்கள். பென்ஸ் வீடு என்று கேட்டால் குதிரையே வழி காட்டிவிடும். அந்தப் பெயர் அவருடைய தகப்பனார் காலத்தில் வந்தது. பெரியவர் தோல் வியாபாரி. அவரிடம் தோல் வாங்கி ஜெர்மனிக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஜெர்மன்கார ஏஜெண்டு ஒருவன், தன் ஊரோடு போய்விடத் தீர்மானித்தபோது, தன் கறுப்பு மெர்சிடிஸ் பென்ஸை அவருக்குத்தான் கொடுப்பேன் என்று கொடுத்துவிட்டுக் கப்பலேறினான். பிறகு பெரியவர் போனார். தோல் வியாபாரமும் போயிற்று. காரும் பெயரும் மிஞ்சின. கியாசுதீன் இரண்டையும் தினமும் துடைத்து வைத்திருந்தார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கம்பெனியின் சரித்திரத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது. பென்ஸ் என்பவன் முதல் வண்டியை மூன்று சக்கரத்தில் செய்தான், வாங்கத்தான் ஆளில்லை. அவன் பெண்டாட்டி பெர்த்தா இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு தாய்வீட்டுக்கே அந்த வண்டியை ஓட்டிப் போனாள். வழியில் மருந்துக்கடையில் எண்ணெய் வாங்கினாள். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி விட்டாள். இறக்கத்தில் பிரேக் தேய்ந்துபோக, செருப்பு தைக்கிறவனைக் கூப்பிட்டு அதன்மேல் தோல் அடிக்கச் சொன்னாள். இந்த இடம் வந்ததும் கியாசுதீன் நிறுத்தி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். "தோல்," என்பார். "நம்ம சரக்கு."

மெர்சிடிஸ் என்பது ஒரு வியாபாரியின் மகள் பேர். தகப்பன் தன் மகளின் பேரைத்தான் வண்டிக்கு வைத்தான். எஞ்சின் மூடிமேல் இருக்கும் நட்சத்திரத்தின் மூன்று முனை நிலம், நீர், ஆகாயம். இவ்வளவும் அவருக்கு மனப்பாடம். யாராவது வம்புக்கு, "ஹிட்லரும் இதுலதானே போனான் பாய்?" என்று கேட்டால் முகம் இறுகிவிடும். யுத்த காலத்தில் அந்தக் கம்பெனியில் கைதிகளை அடிமைகளாக வேலை வாங்கினார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தார். பத்திரிகையை மடித்து வைத்தவர், பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று அவருக்குத் தெரியும். பெர்த்தா கதையிலும் ஒரு திருத்தம் செய்திருந்தார். அந்த அம்மாள் புருஷன் தூங்கும்போது சொல்லாமல் கிளம்பினாள் என்றுதான் ஏஜெண்டு சொன்னது. கியாசுதீன் சொல்லும்போது அவள் புருஷனிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள். வீட்டில் மகள் லத்தீஃபா கேட்டுக்கொண்டிருந்தாள் அல்லவா.

அந்த லத்தீஃபாவுக்குத்தான் கடற்கரையோரப் புதுப்பட்டினத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பக்கத்தில் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம். மாப்பிள்ளை ஜலாலுதீன் அந்த வேலைக்கு ஜல்லி ஏற்றுகிற ஒரு காண்ட்ராக்டரிடம் இருந்தான். தகப்பன் இல்லாத பையன். தாய்மாமன் நூர்முகமதுதான் எல்லாம். நிச்சயத்துக்கு வந்தவர் ஷெட்டில் நின்ற காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இதுவும் கீதா? சோக்கா கீது பாய்."

'இதுவும்' என்றது கியாசுதீன் காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை.

ஜமாத்துப் பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நூர்முகமது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாய், சீரு செனத்தின்னு நாங்க வாயத் தொறக்க மாட்டோம். நகை உங்க இஷ்டம். பாத்திரம் பண்டம் உங்க இஷ்டம். ஒண்ணே ஒண்ணுதான். பென்ஸ் வந்துடணும். எங்க ஊர்ல அல்லாரும் அதத்தான் பாத்துகினு கீறாங்க."

கியாசுதீனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் தன் வீட்டுக் கார் வேண்டும் என்று ஒரு ஊரே காத்திருக்கிறது. கடற்கரை வரைக்கும் பேர் பரவியிருக்கிறது. ஒருமுறை மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயில் எதிரே கார் நின்றபோது, ஒரு வெள்ளைக்காரன் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காரைப் படம் பிடித்தான். அன்றைக்கு நிறைந்த அதே நெஞ்சு.

"பென்ஸ் வரும்," என்றார்.

"ஜமாத் கீது, வாக்கா சொல்லுங்க."

"கியாசுதீன் வாக்கு. பென்ஸ் வரும்."

பாத்திஹா ஓதிச் சர்க்கரை பகிர்ந்தார்கள். விருந்தாளிகள் போன பிறகு அவர் மனைவி சைதூன் கதவு மறைவிலிருந்து வெளியே வந்தாள்.

"வந்துடணும்னா இன்னாங்க? வந்துட்டுத் திரும்பறதா, வந்து அங்கயே இருக்கறதா?"

"உனக்கு எல்லாத்திலயும் ஒரு சந்தேகம்," என்றார் அவர்.

கார் ஓடி வெகு நாளாகியிருந்தது. டிரைவர் சின்னையன் பிரேக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் சாமான் தேடி மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு அலைந்தான். வெளிநாட்டு உதிரிபாகம் வரவழைக்கிற காலமா அது. வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தான்.

"பெரிய பேஜாரு சாய்பு. பென்ஸுன்னு கேட்டா லாரி சாமானத்த எடுத்து மேசமேல வெக்கிறான். காருய்யான்னா சிரிக்கிறான். பென்ஸுல ஏதுய்யா காருங்கறான்."

"அறிவுகெட்டவன்."

"அவன் இன்னா பண்ணுவான்? நம்ம ஊருல பென்ஸுன்னா லாரிதானே. டாட்டாகாரன் லாரி மூஞ்சில ஸ்டாரு வெச்சுதானே வித்துகினு இருந்தான். இப்ப ஸ்டார எடுத்துட்டான். பேரு போவல. புது லாரி எடுத்தாக்கூட 'பென்ஸ் எடுத்துட்டான்'னுதான் பேசறாங்க."

"நம்ம வீட்டு முன்னால நின்னு அதச் சொல்லாதே," என்றார் கியாசுதீன். சின்னையன் தோளில் கிடந்த மஞ்சள் துணியை உதறிக்கொண்டு எழுந்தான். எப்படியோ எதையோ எதோடோ பொருத்தி, அங்கங்கே அரத்தால் ராவி, நிக்காஹ் நாளுக்குள் காரை ஓட வைத்துவிட்டான்.

நிக்காஹ் அன்று காலை கியாசுதீன் ஜமாத்துப் பெரியவர்கள் இரண்டு பேருடன் தாமே காரில் ஏறி மாப்பிள்ளையை அழைத்துவரப் போனார். திருக்கழுக்குன்றம் மலைக்கு அடியில் ஜனம் திரும்பிப் பார்த்தது. அவர் முதுகு சீட்டில் படாமல் உட்கார்ந்திருந்தார். புதுப்பட்டினத்தில் பந்தல் வாசலில் கார் நின்றதும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மல்லிகைச் சரத்தோடு ஜலாலுதீன் எழுந்தான். நூர்முகமது ஓடிவந்து இரு கையாலும் கையைப் பிடித்து முசாபா செய்தார். செய்துகொண்டே கியாசுதீனின் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்தார்.

"பின்னாடி வருதா சம்பந்தி?"

"எது?"

"பென்ஸ்."

கியாசுதீன் சிரித்தார். கையால் காரைக் காட்டினார்.

நூர்முகமதுவும் சிரித்தார். "அது உங்க வூட்டு காரு. நான் லாரியக் கேக்கறேன். டிரைவரு வழி மாறிட்டானா?"

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கியாசுதீனுக்குப் புதுப்பேட்டைக் கடைக்காரனின் சிரிப்பு இப்போதுதான் காதில் கேட்டது. சைதூன் கேட்ட கேள்வியும் இப்போதுதான் புரிந்தது.

"புள்ளைக்கு ஹெவி லைசென்ஸ் எடுத்து வெச்சுகீறோம்," என்று நூர்முகமது சொல்லிக்கொண்டே போனார். அவர் குரலில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. "திங்கக்கெழமைலேந்து சொந்த லாரில ஜல்லி அடிக்கறான்னு காண்ட்ராக்டர்கிட்ட வாக்கு குடுத்தாச்சு. பென்ஸ் வூட்டுப் பொண்ணு, லாரியோட வருதுன்னு ஊரே பேசிகினு கீது. நீங்கதானே சம்பந்தி ஜமாத்து முன்னாடி வாக்கு குடுத்தீங்க?"

கூட வந்த பெரியவர்களைக் கியாசுதீன் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் காதில் விழுந்தது 'பென்ஸ்' என்ற ஒரு சொல்தான். எந்த பென்ஸ் என்று அவர்கள் எப்படிச் சாட்சி சொல்வார்கள்?

நான் வேறு மாதிரிப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு மேலே வரவில்லை. அப்படிச் சொன்னால் நாளைக்குச் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் என்ன பேசுவார்கள்? லாரி தருகிறேன் என்று சபையில் சொல்லி, நிக்காஹ் அன்றைக்கு ஓட்டைக் காரைக் காட்டி வார்த்தையில் நழுவினான் பென்ஸ் வீட்டான் என்பார்கள். இன்னும் கொடுக்காதவன் என்று பேர் எடுப்பது வேறு. ஏமாற்றினவன் என்று பேர் எடுப்பது வேறு. வீட்டில் லத்தீஃபா கைக்கு மருதாணி இட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வரும்," என்றார்.

"எப்ப?"

"வரும்."

ஜலாலுதீன் தலையைக் குனிந்துகொண்டான். "மாமா, விடுங்க மாமா, அப்புறம் பாத்துக்கலாம்," என்று மெதுவாகச் சொன்னான். நூர்முகமது தாடியைத் தடவினார்.

"சரி. நல்ல காரியத்த நிறுத்த வேணாம். நிக்காஹ் நடக்கட்டும், பொண்ண இட்டாந்துடறோம். ஆனா மறுவூட்டுக்கு பென்ஸ்லதான் வருவோம் சம்பந்தி. அது வர்ற வரைக்கும் பொண்ணு எங்க வூட்டுலயே இருக்கட்டும். இந்தக் காரும் எங்க வாசல்லயே நிக்கட்டும். லாரிய விட்டுட்டு இத எடுத்துகினு போங்க."

இதில் மறுத்துச் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை. எல்லாம் முறையாக இருந்தது. செங்கல்பட்டில் நிக்காஹ் நடந்தது. அதே காரில் மாப்பிள்ளையும் பெண்ணும் புதுப்பட்டினத்துக்குப் போனார்கள். சின்னையன் சாவியைக் கொடுத்துவிட்டு, தோளில் மஞ்சள் துணியோடு பஸ்ஸில் திரும்பி வந்தான். ஷெட்டைப் பார்க்காமல் பின்பக்கமாகப் போய் முகம் கழுவினான்.

அதற்குப் பிறகு கியாசுதீன் லாரிக்காகத் தெரிந்தவர் தெரியாதவர்களையெல்லாம் போய்ப் பார்த்தார். புது லாரிக்கு எழுதி வைத்தால் வர வருஷங்கள் ஆகும் என்றார்கள். பழைய லாரி வாங்க அவரிடம் இருந்தது வீடு ஒன்றுதான். வீட்டை விற்றால் பென்ஸ் வரும், வீடு இருக்காது. மறுவீட்டுக்குப் பெண் எந்த வீட்டுக்கு வருவாள்? கடைத்தெருவில், "மறுவூடு எப்ப பாய்?" என்று கேட்டார்கள். முதலில் அக்கறையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். சைதூன் முட்டிவலியில் படுத்துவிட்டாள். அவள் எதுவும் கேட்கவில்லை.

பெருநாளுக்குப் புடவையும் அல்வாவும் எடுத்துக்கொண்டு அவர் பஸ்ஸில் புதுப்பட்டினம் போனார். வாசலில் கார் நின்றது. உப்புக்காற்று கதவுகளின் அடிப்பக்கத்தைத் தின்னத் தொடங்கியிருந்தது. பம்பரில் ஒரு ஆடு கட்டியிருந்தது. அவர் தன்னையறியாமல் நட்சத்திரத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். விரலில் துரு ஒட்டிக்கொண்டது. வேட்டியில் துடைக்காமல் சுவரில் துடைத்தார்.

லத்தீஃபா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அம்மா எப்படி கீறாங்க அத்தா?"

"இருக்கா. முட்டிதான்."

"நான் வந்து ரெண்டு நாள் எண்ணெ போட்டு உருவி வுட்டா சரியாயிடும்."

அவர் தண்ணீரைக் குடித்தார். உள்ளே மாமியார் அம்மியில் ஏதோ அரைக்கும் சத்தம் கேட்டது.

"உன்னை எப்படி வெச்சிருக்காங்க?"

"நல்லாதான் வெச்சுகினு கீறாங்க. அவரு வாடகை லாரி ஓட்றாரு. பாவம், பேச்சு வாங்கிகினு ஓட்றாரு." அவள் காரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அத்தா, ஒண்ணு கேக்கட்டா? அந்த ஜெர்மன்காரி, தாய்வூட்டுக்கு வண்டி ஓட்டிகினு போனாளே. சொல்லாம போனான்னு சைட்டுல ஒரு இன்ஜினியரு இவருகிட்ட சொன்னாராம். புருஷன் தூங்கிகினு இருக்கும்போது."

அவர் அல்வாப் பொட்டலத்தின் நூலைச் சரிசெய்தார்.

"சொல்லாமதானே போனா அத்தா?"

அவர் 'ஆமாம்' என்றால் போதும். அவள் இன்றைக்கே புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டு அவரோடு பஸ் ஏறிவிடுவாள். அது அவள் முகத்தில் எழுதியிருந்தது. ஏறினால் நாளைக்கு என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. வாக்கும் தவறி, பெண்ணையும் திருட்டுத்தனமாக அழைத்துவந்த வீடு. அந்த வீட்டுக்கு வந்த பெண்ணைத் திரும்ப யார் கூப்பிடுவார்கள்?

"சொல்லிட்டுத்தான் போனா," என்றார்.

லத்தீஃபா காரிலிருந்து கண்ணை எடுத்தாள். "சரி அத்தா," என்று செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

புறப்படும்போது நூர்முகமது எதிரே வந்தார். "வாங்க சம்பந்தி, சாப்டுட்டுதான் போகணும். பென்ஸ் வருதா?"

"வரும்," என்றார் கியாசுதீன்.

பஸ் வரவில்லை. வெயில் சாயும்வரை ரோட்டோரத்தில் நின்றார். ஜல்லியை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பழைய லாரி அவர் முன்னால் வந்து நின்றது. மூஞ்சியில் அந்த மூன்று முனை நட்சத்திரம் பழைய மெருகோடு இருந்தது.

"செங்கல்பட்டா பாய்? ஏறிக்க," என்றான் டிரைவர்.

இத்தனை வயதில் அவர் லாரியில் ஏறியதில்லை. ஏறினார். வழி முழுக்க டிரைவர் அந்த வண்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தான். பென்ஸுன்னா பென்ஸ்தான் பாய், எத்தினி பாரம் ஏத்தினாலும் முனகாது என்றான். கியாசுதீன் முதுகைச் சாய்க்காமல் கேட்டுக்கொண்டு வந்தார். ரயிலடியில் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். நல்ல மனுஷன் அவன். பெரியவரை ரோட்டில் இறக்கிவிடுவதா என்று தெருவுக்குள்ளேயே திருப்பினான்.

பென்ஸ் வீட்டு வாசலில் லாரி நின்ற சத்தம் கேட்டு அண்டை வீட்டு ஜன்னல்கள் திறந்தன. சைதூன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். நட்சத்திரத்தைப் பார்த்தாள். உள்ளேயிருந்து இறங்குகிற கணவரைப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்தது. முட்டிவலியையும் பார்க்காமல் படியிறங்கி, லாரியின் அந்தப் பக்கத்துக் கதவுக்குப் போனாள்.

"லத்தீஃபா எறங்கலியா?" என்றாள்.

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றும் புரியாமல் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு லாரியைக் கிளப்பிக்கொண்டு போனான். சைதூன் அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் நின்றாள்.