இறக்காத கும்பம்

"அந்தச் செம்பை வைச்சிட்டு வா எண்டு சொல்லுறன்!"

கோணேஸ்வரன் குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்று கத்தினார். ஜெயரூபி தலையை நிமிர்த்தவில்லை. புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேப்பிலைக் கொத்தை எடுத்து ஈரத்தை உதறினாள்.

"அத்தான், இது அம்மன் கேட்ட கும்பம். வைக்க ஏலாது."

அவர் அவளுடைய புருசனின் அண்ணன். அதோடு கோயில் சபைத் தலைவர். போதாக்குறைக்கு, கரையிலுள்ள மீன்வாடியும் அவருடையதுதான். அந்த வாடியில் மீன் எடுத்து, சைக்கிளில் கட்டி, உப்புவெளி வீடுகளில் விற்றுத்தான் ஜெயரூபி தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு போடுகிறாள்.

போன வைகாசிச் சடங்கில் நடந்ததை ஊரே பார்த்தது. உரு வந்து ஆடிய பூசாரி கனகசபை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜெயரூபியின் தலையில் கைவைத்து, "வாற வருசம் என்ட கும்பத்தை நீதான் எடுத்து வரவேணும்" என்றார். அது அம்மன் வாக்கு என்று கையெடுத்துக் கும்பிட்டவர்களில் முதல் ஆள் இந்தக் கோணேஸ்வரன். பிறகு மார்கழிக் கடல் அவள் புருசன் இராகுலனைக் கொண்டுபோனது. அவள் கழுத்திலிருந்து தாலி இறங்கிய அன்றே அம்மனின் வாக்கும் செல்லாமல் போய்விட்டதாம்! என்ன வெட்கங்கெட்ட நியாயம் இது?

"தாலி இல்லாதவள் கும்பம் எடுத்தா ஊருக்கு ஆகாது. பிரியதர்சினி எடுக்கட்டும்" என்றார் அவர். பிரியதர்சினி அவருடைய மனைவி.

"அம்மன் அக்காவைக் கேக்கேல்லையே அத்தான். என்னைத்தானே கேட்டவ."

"வாயைப் பொத்து! இண்டைக்கு நீ கோயிலடிக்கு வந்தா, நாளைக்கு வாடிப் பக்கம் தலை காட்டாதை. ஒரு சூடை மீன்கூட உனக்கில்லை. பிள்ளையளுக்கு அம்மனே கொண்டுவந்து தரட்டும்."

ஜெயரூபிக்கு ஆத்திரம் வந்தது. பயமும்தான்; பயமில்லாமல் என்ன? பிள்ளைகள் இரண்டும் கதவு மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தன.

"தருவா" என்றாள். "அவ சொன்னதை நான் செய்யிறன். மிச்சத்தை அவ பாக்கட்டும்."

பின்னேரம் கடலில் தோய்ந்து, ஈரச் சேலையோடு கும்பத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவால் நடந்தாள். ஒரு வீட்டுப் படலையும் திறக்கவில்லை. போன வருசம் "எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளு பிள்ளை" என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சிய பெண்கள், விதவை முகம் முழிவியளத்துக்கு ஆகாதென்று இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கோயில் கேற்றில் பூட்டு. உள்ளே நிறையச் சனம். கம்பிகளுக்குப் பின்னால் கோணேஸ்வரன் நின்றார், பக்கத்தில் பூசாரி.

"பூசாரி ஐயா, போன வருசம் என்ட தலையில கைவைச்சுச் சொன்னது அம்மனா, நீங்களா?"

கனகசபை கோணேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மன் எண்டா, கேற்றைத் திறவுங்கோ. நீங்கள்தான் எண்டா, இவ்வளவு சனத்துக்கு முன்னால அதைச் சொல்லுங்கோ. நான் வீட்டை போறன்."

மனிதருக்கு அம்மனையும் பொய்யாக்க முடியாது, தலைவரையும் பகைக்க முடியாது. "கதை படிக்க நேரமாச்சு" என்று முணுமுணுத்துவிட்டு மைக்கைத் தேடி ஓடிப்போனார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. சடங்குக்குச் சடங்கு படிக்கிற அம்மன் கதை. புருசனை அநியாயமாய்ப் பறிகொடுத்த அம்மன், தலைவிரி கோலமாக, நீதி கேட்டு அரண்மனை வாசலில் வந்து நிற்கிற இடம். உள்ளே பெண்கள் விம்மத் தொடங்கினார்கள். பிரியதர்சினி மூக்கைச் சிந்தினாள். கோணேஸ்வரனும் சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடேயப்பா, கதையில் வருகிற விதவைக்குத்தான் எவ்வளவு கண்ணீர்!

ஜெயரூபியின் கழுத்து விண்விண்ணென்று வலித்தது. நாளைய சோற்றை நினைத்தாள். கும்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அழுங்கோ, நல்லா அழுங்கோ!" என்று கத்தினாள். "அவவும் தாலி இல்லாதவதான்!"

விம்மல் சட்டென்று நின்றது. பூசாரியின் குரல் மட்டும் தடுமாறித் தடுமாறிப் படித்துக்கொண்டு போனது. கதையில் வாயிற்காவலன் அரசனிடம் ஓடிப்போய்ச் சொல்லி, அம்மனை உள்ளே விட்டான்.

கோணேஸ்வரன் பூட்டின் திறப்பை மடிக்குள் செருகிக்கொண்டார். ஜெயரூபி கும்பத்தை இறக்கவில்லை.