கோழிக்கால் கீறிய கரண்டி

பாஸ்கம் என்ற பெயரைச் சொன்னதும் சமையலறைப் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தவர் பாஸ்கம் இல்லை. அவருடைய வெள்ளிப் பட்டறையில் அடிமையாக இருந்து, செத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட ப்ரைமஸ் என்ற ஆள். அதற்குச் சற்று முன்புதான் கடைக்காரர் ஆஸா தர்லோ ஒரு பழைய வெள்ளிக் கரண்டியைக் கவிழ்த்து, தண்டின் பின்புறம் நெல்மணி அகலக் கட்டத்துக்குள் இருந்த இரண்டு எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இது நார்விச் ஊர் எபனேசர் பாஸ்கம் செய்தது என்று சொல்லியிருந்தார். வந்தவர் மார்ச் மாதத்துச் சேற்றை மிதியடியில் துடைத்துவிட்டு, அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று கேட்டார். கீரையும் பன்றித் தொத்திறைச்சியும் போட்ட சூப் என்று ஜுல்மிரா சொன்னாள். அவள் அந்தக் கடையில் வெள்ளி துலக்கவும் சமைக்கவும் இருந்தவள். வந்தவர் யார் என்று விசாரிப்பதற்கு முன்னால் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டாள். பசியோடு வந்தவனிடம் பேர் கேட்பது அவள் வீட்டு வழக்கம் இல்லை.

“பாஸ்கம் ஐயா அன்னிக்கு ஜெபத்துக்குப் போயிருந்தாரு,” என்றார் ப்ரைமஸ். “உருக்கினது, அடிச்சது, வளைச்சது எல்லாம் நான்தான். முத்திரை குத்த மட்டும் அவரு வந்தாரு.”

அதே கரண்டியால் இரண்டு கிண்ணம் குடித்தார். கரண்டியைக் குப்புறக் கவிழ்த்துத் தட்டில் வைத்தார். பிறகு நாற்காலி காலியாக இருந்தது.

டார்வெல் ஊரில் ஆற்றோரம் இருந்தது ஆஸாவின் கடை. பழைய குடும்பங்களில் பெரியவர்கள் செத்துப் போனால் பிள்ளைகள் சாமான்களைக் கடைக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதில் கரண்டிகளைப் பொறுக்கி, யார் செய்தது என்று கண்டுபிடித்து, சீட்டுக் கட்டி விற்பது அவர் பிழைப்பு. லேசான வேலை இல்லை அது. ஒரே இரண்டு எழுத்து நாலு ஊரில் நாலு தட்டானுக்கு இருக்கும். சிலர் இங்கிலாந்துச் சரக்கு என்று நினைக்கட்டும் என்று சிங்கத்தையும் ராஜா தலையையும் குத்தி வைத்திருப்பார்கள். சிலதில் செய்தவன் பெயர் இருக்காது, விற்றவன் பெயர் இருக்கும். ப்ரைமஸ் வந்து போன பிறகு ஆஸாவுக்கு ஒரு வழி பிடிபட்டது. பெயர் சரியாக இருந்தால் யாராவது சாப்பிட வருவார்கள், தப்பாக இருந்தால் கதவு அசையாது. அதனால் பூதக்கண்ணாடியைக் கையில் எடுப்பதற்கு முன்பே சூப் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஜுல்மிராவுக்கு வேலை இரட்டிப்பானது. செத்தவர்கள் நல்ல பசிக்காரர்கள்.

முத்திரைக்கு உரியவன் வந்தது அபூர்வம். கூலிக்கு வந்த தம்பி முறைக்காரன் வந்தான், குடித்துவிட்டுத் தூங்கினதற்கு அடி வாங்கின பட்டறையாள் வந்தான், மெருகுக் கல்லை மடியில் முடிந்துகொண்டு ஒரு தட்டானின் பெண்டாட்டி வந்தாள். ஒரே ஒரு தடவை முத்திரைக்காரரே வந்தார். தன் பெருமையைச் சாயங்காலம் வரை பேசிவிட்டு, சூப்பில் உப்புப் போதாது என்று சொல்லிவிட்டுப் போனார். சீட்டில் மட்டும் ஆஸா முத்திரைப் பெயரைத்தான் எழுதினார். ஜுல்மிராவுக்கு அது பொறுக்கவில்லை.

“ப்ரைமஸ்னு எழுதினா யாரு வாங்குவா, ஜுல்மிரா?”

“அப்போ சூப் குடிச்சது யாரு முதலாளி?”

“குடிச்சது அவரு. விலைக்குப் போறது பாஸ்கம்.”

ஜுல்மிரா கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள். அவளுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. அவளுடைய அம்மா தியோலிந்தா, அசோர் தீவிலிருந்து கப்பலில் வந்த மறு வாரமே, அதே ஊரின் பெரிய வெள்ளி ஆலையில் மெருகுச் சக்கரத்தின் முன்னால் போய் நின்றவள். ஆலையின் முத்திரை ஒரு கோதுமைக் கதிர்க்கட்டு, அதனால் ஊரார் அதைக் கதிர்க்கட்டு ஆலை என்றே சொன்னார்கள். தியோலிந்தா ஆலையில் நின்றாள், வீட்டுக்கு வந்து அடுப்பின் முன்னால் நின்றாள், நின்றபடியே சாப்பிட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பாள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சக்கரத்தின் முன்னால் நின்றபடியே செத்தும் போனாள். ஆனால் சாயங்காலச் சங்கு ஊதும் வரை கை வேலை செய்துகொண்டுதான் இருந்தது, ஆகவே யாரும் கவனிக்கவில்லை. சங்கு ஊதிய பிறகுதான் விழுந்தாள். அந்தப் பிற்பகல் அவள் கை செய்த கரண்டிகள் மட்டும் கோணலாக இருந்தன என்று கழித்துக்கட்டி, செத்தவள் கூலியிலேயே பிடித்தம் செய்தார்கள். பெட்டிக்குள் கிடத்தியபோதும் அவள் பாதங்கள் நிற்பவள் பாதம்போலத்தான் இருந்தன. வெட்டியெடுக்காமல் செருப்பைக் கழற்ற முடியவில்லை. அம்மா இன்னும் எங்கேயோ நின்றுகொண்டுதான் இருக்கிறாள் என்று ஜுல்மிரா அன்றைக்கு நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு ஐம்பது வயது தாண்டியும் போகவில்லை. ஒரு தடவை அவளை உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்கு மிச்சம் இல்லை.

ஒருநாள் ஆஸா இல்லாத நேரத்தில் ஆலைக் கரண்டி ஒன்றை எடுத்து, கதிர்க்கட்டைப் பார்த்து, கம்பெனியின் முழுப் பெயரையும் சொன்னாள். யாரும் வரவில்லை. சூப் ஆடை கட்டியது. திரும்பி வந்த ஆஸா இதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

“கம்பெனிக்கு வயிறு கிடையாதே,” என்றார். “சூப்புக்கு யாரு வருவா?”

அப்போதுதான் அவளுக்குக் கோழிக்கால் ஞாபகம் வந்தது. ஆலையில் ஒவ்வொரு மெருகுக்காரியும், தன் கையில் போன கரண்டியின் கழுத்தில் ஆணியால் ஒரு கீறல் போட வேண்டும். கோணல் வந்தால் யார் தலையில் கட்டுவது என்று தெரிவதற்காக. தேறிய கரண்டியில் கடைசி மெருகில் அந்தக் கீறலை அழித்துவிட்டு கம்பெனி முத்திரையை மட்டும் விடுவார்கள். கழித்த கரண்டியில் அது அப்படியே இருக்கும். எழுத்துத் தெரியாத தியோலிந்தா, தீவில் இருந்தபோது பொது அடுப்பில் தன் ரொட்டியை அடையாளம் காணப் போட்ட மூன்று கோட்டுக் கோழிக்காலையே கரண்டியிலும் போட்டாள். ஆக, அவள் ஒழுங்காகச் செய்த ஆயிரமாயிரம் கரண்டிகளில் அவள் இல்லை. கெட்டுப்போனதில் மட்டும்தான் இருந்தாள். கழித்ததை ஆலைக்குள்ளேயே உருக்கிவிடுவது சட்டம். ஆனால் அதில் பாதி பின்வாசல் வழியாக ஊருக்குள் போய்விடும் என்பதும் ஊரறிந்த சங்கதி.

வெள்ளி விலை தலைகால் தெரியாமல் ஏறிய குளிர்காலம் அது. ஜனங்கள் ஆலைக் கரண்டிகளைத் தலையணை உறையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவற்றை யாரும் அழகுக்காக வாங்கப் போவதில்லை. ஆஸா எடைக்கு வாங்கித் தொட்டி தொட்டியாகப் போட்டார். வெள்ளிக்கிழமை அவற்றை உருக்கக் கொண்டுபோக உருக்குக்காரர் லாரியோடு வருவதாக இருந்தது. ஜுல்மிரா திங்கட்கிழமை தொட்டிகளின் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். தேய்ந்த கீறல் கண்ணுக்குத் தெரியாது. வாயால் ஆவி ஊதினால், வெள்ளி மங்கி, கீறல் மட்டும் ஒரு கணம் எழும்பி நிற்கும். எடுப்பாள், ஊதுவாள், போடுவாள். துலக்கும் வேலையும் சமையலும் அப்படியே இருந்தன. அவை முடிந்த பிறகுதான் இது. புதன்கிழமை அவளுக்கு மூச்சு அடைத்தது. கல் சுமந்தவனுக்கு முதுகு போகிற மாதிரி அவளுக்கு மூச்சு போனது. மற்றவர்களுடைய கீறல்கள் நிறைய வந்தன, தூண்டில் முள், ஏணி, பாதி நிலா. அவர்களுடைய பெயர் அவளுக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பப் போட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆஸா கடையைச் சாத்திவிட்டு வந்து, எதிரே ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து அவரும் ஊத ஆரம்பித்தார். கிழவருக்கு ஏற்கெனவே இளைப்பு. இருட்டுவதற்குச் சற்று முன்னால் ஒரு கரண்டியை நீட்டினார். கிண்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, தூக்கத்தில் வாய் கோணினதுபோல.

“கோழி கிளறின மாதிரி என்னமோ இருக்கு. இது உங்க வீட்டுக் கோழியான்னு பாரு.”

அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஆஸா விலை கேட்கவில்லை. சூப்பைச் சுடவைத்தாள், நாற்காலியை இழுத்து வைத்தாள், கரண்டியின் கழுத்தில் ஊதினாள். இது தியோலிந்தா ஃபுர்த்தாடோ செய்தது என்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

தியோலிந்தா உள்ளே வந்தாள். புருவத்திலும் முன்கையிலும் சிவப்பு மெருகுப்பொடி அப்பியிருந்தது. மகளைவிட வயதில் சின்னவளாக இருந்தாள். மகளைப் பார்ப்பதற்கு முன்னால் கரண்டியைப் பார்த்தாள்.

“இது என் தப்பில்ல,” என்றாள். “மத்தியானமே நான் செத்துட்டேன். அதுக்கப்புறம் கை எப்படி நேரா போகும்?”

“தெரியும்மா. உக்காரு.”

“கூலியில பிடிச்சிட்டானுங்களா?”

“பிடிச்சிட்டாங்க. அது போகட்டும். நீ உக்காரு, சூப் ஆறுது.”

அவள் உட்காரவில்லை. அடுப்போரம் நின்றபடியே கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோய்க் குடித்தாள். மகள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. குடித்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கீறலை எடுத்துவிட வேண்டும், துணியும் பொடியும் கொடு என்றாள். கெட்டதில் தன் கோழிக்கால் நிற்கக் கூடாது. ஜுல்மிரா பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கீறல் போய்விட்டால் இந்தக் கரண்டி யாருடையதும் இல்லை. அம்மாவைக் கூப்பிட இன்னொரு வழியும் இல்லை, மற்றவை எல்லாம் நாளைக்கு உருகப் போகின்றன. ஜுல்மிராவின் கால்கள் விண்விண் என்று தெறித்தன. அந்த வலி யாருடைய வலி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. டப்பாவைக் கொடுத்தாள்.

சக்கரத்தில் செய்வதுதான் நின்றபடி. கையால் மெருகு போடுவதை உட்கார்ந்துதான் செய்ய முடியும். தியோலிந்தா நாற்காலியைத் தானே இழுத்து உட்கார்ந்தாள். கட்டைவிரலில் துணியைச் சுற்றித் தேய்க்கத் தொடங்கினாள்.

“உன் கால் ஏண்டி இப்படி வீங்கிக் கிடக்கு? நீயும் நின்னேதான் வேலை பாக்குறியா?”

“ஆமாம்மா.”

“மூளை கெட்டவளே. நீயும் உக்காரு.”

ஜுல்மிரா உட்கார்ந்தாள். கரண்டியைப் பார்க்கவில்லை, சூப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி தேய்கிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி நின்றது. திரும்பிப் பார்த்தபோது அம்மா போயிருக்கவில்லை. கன்னத்தை மேசையில் வைத்து, வாயை லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். கால்களில் ஒன்று செருப்பிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. ஜுல்மிரா மண்டியிட்டு இரண்டு செருப்பையும் கழற்றினாள். சுலபமாகக் கழன்றன.

உருக்குக்காரர் வந்து தொட்டிகளைக் கொண்டுபோனார். வெள்ளி விலை வசந்தத்தில் விழுந்தது, தியோலிந்தா தூங்கிக்கொண்டே இருந்தாள். எரிவாயு மீட்டர் பார்க்க வருபவர் முதல் தடவை தொப்பியைக் கழற்றினார், அப்புறம் பூட்ஸையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரப் பழகினார். சாமியார் வந்து மந்திரித்துவிட்டு, தூங்குகிறவர்களை எழுப்பச் சொல்லி வேதத்தில் கட்டாயம் எதுவும் இல்லை என்று முடிவு செய்தார். சில வருஷம் கழித்து, கடையை மூடிவிட்ட ஆஸா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தூங்குகிறவளின் விரல்களுக்கு நடுவிலிருந்து கரண்டியை அவள் அசையாதபடி உருவி, பூதக்கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். கீறல் ஏதும் இல்லாமல் கண்ணாடிபோல இருந்தது.

“இது யாரு செஞ்சதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது, ஜுல்மிரா,” என்றார்.

“மெதுவாப் பேசுங்க முதலாளி,” என்றாள் அவள்.

அவர் கரண்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, சூப் இருக்கிறதா என்று கேட்டார்.